பசும்புல் தின்னும் கிடேரிக்குப் புரதம்: எவ்வளவு, எதிலிருந்து, எந்த வயதில்

கிடேரிக் கன்று நாள் முழுக்கப் பச்சைப்புல் தின்கிறது, வயிறு பானை போல உப்பி நிற்கிறது, ஆனால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது, மயிர் பளபளப்பில்லாமல் சிலிர்த்துக் கிடக்கிறது, ரெண்டு வயது தாண்டியும் பருவத்துக்கு வரவில்லை. வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் என்று பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஊர்ப்பக்கம் போனால் இப்படி ஒரு கிடேரியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. கேட்டால் "புல்லுக்கு என்ன குறை, தொட்டி நிறையப் போடுறோமே" என்பார்கள். உண்மைதான், புல்லுக்குக் குறை இல்லை. அந்தப் புல்லுக்குள் புரதம்தான் குறைவு.

என் கொட்டகையிலும் இதே கதை நடந்திருக்கிறது. கறவை மாட்டுக்கு மட்டும் புண்ணாக்கு, கிடேரிக்கு வெறும் புல் என்றுதான் பல வருடம் ஓட்டினேன், பால் தராத மாட்டுக்கு எதற்குச் செலவு என்று நினைத்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் எவ்வளவு இழக்கிறோம் என்று புரிந்தது. அந்தக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது மனதில் பதியாமல் மீதி எதைச் செய்தாலும் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

ஜெர்சி கலப்புக் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ இருக்கும். சினை ஊசி போடுவதற்கு அது 220, 225 கிலோவைத் தொட வேண்டும், அதாவது வளர்ந்த பசுவின் எடையில் 60 முதல் 65 சதவீதம். எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு என்றால் 250 கிலோவுக்கு மேல். பருவத்துக்கு வருவது வயதைவிட எடையைப் பொறுத்தது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆக, ஜெர்சி கலப்பு 200 கிலோ ஏற வேண்டும். நாளைக்கு 415 கிராம் ஏறினால் 16 மாதத்தில் ஊசிக்குத் தயார். 250 கிராம்தான் ஏறுகிறது என்றால் 800 நாள், அதாவது 26 மாதத்துக்கு மேல். இடையில் போகிற அந்தப் பத்து மாதமும் நீங்கள் புல் அறுத்துப் போட்டு, தண்ணீர் காட்டி, சாணி அள்ளிக்கொண்டு இருப்பீர்கள், ஒரு சொட்டுப் பால் வராது. புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர்தீவனத்தில் நாளைக்கு ஒரு கிலோவை மிச்சப்படுத்தி இதைத்தான் சம்பாதிக்கிறோம்.

முதல் படி: நாடா வாங்குங்கள்

புண்ணாக்கு வாங்கும் முன் தையல்கடை நாடா ஒன்று வாங்குங்கள். எடை தெரியாமல் தீவனம் போடுவது குருட்டுக் கணக்கு.

காலையில் தண்ணீர் காட்டும் முன், சமதரையில் நான்கு காலையும் நேராக ஊன்றி நிற்கும்போது அளக்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. நாடா தோலை ஒட்டி இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. அடுத்து, தோள்பட்டையின் முன்முனையிலிருந்து வாலுக்கு இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளம். ரெண்டும் அங்குலத்தில். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சு 48 அங்குலம், நீளம் 42 அங்குலம் என்றால் 48 × 48 × 42 = 96,768, அதை 660-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 147 கிலோ. துல்லியமான தராசு எடை கிடைக்காது, ஆனால் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியும், நமக்கு அதுதான் வேண்டும். எங்கள் கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு கிடேரிக்கும் சாக்பீஸில் ஒரு வரிசை இருக்கிறது, மாதம் ஒரு முறை அளந்து எழுதுவோம். மாதத்துக்கு 12 கிலோ ஏறியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 7, 8 கிலோ என்றால் எங்கோ கோளாறு.

ரெண்டாவது படி: புல்லின் வயதைப் பாருங்கள்

இதில் ஒரு ரூபாய் செலவு கிடையாது, ஆனால் பெரும்பாலான கொட்டகைகளில் புரதம் தொலைவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான் அதிகம், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் விட்ட கோ-4, கோ-5, அப்புறம் சூப்பர் நேப்பியர் என்று விற்கிற ரகங்கள். கரணை நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, அதற்கப்புறம் 45 நாளுக்கு ஒரு அறுப்பு என்பது கணக்கு. அந்த 45 நாளில் அறுத்தால் காய்ந்த எடையில் 9, 10 சதவீதம் புரதம் இருக்கும். "இன்னும் பத்து நாள் விட்டால் கட்டுக் கூடுமே" என்று 70 நாள் வரை விட்டால் கட்டு கூடும்தான், ஆனால் கூடுவது தண்டு. புரதம் 6 சதவீதத்துக்குக் கிட்ட இறங்கிவிடும். ரகத்தின் பெயரைச் சொல்லி 16, 18 சதவீதம் என்று விற்பவர்கள் எந்த வயதுப் புல்லை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். என்ன ரகமாக இருந்தாலும் முற்றினால் தட்டைதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு தூரை அறுத்து அடித்தண்டை நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கி ஈரம் கசிந்தால் சரியான வயது. நகம் வழுக்கினால், உள்ளே வெள்ளை நார் தெரிந்தால், முற்றிவிட்டது. தொட்டியில் மறுநாள் காலை என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்றும் பாருங்கள், கன்று இலையை உருவித் தின்றுவிட்டு விரல் தடிமன் தண்டைத் தள்ளி வைத்திருந்தால் அது உங்களுக்குச் சொல்கிற சேதி அதுதான்.

ஒரே நாளில் முழு வயலும் வெட்டும் பதத்துக்கு வந்தால் கடைசிப் பாத்திக்குப் போவதற்குள் அது முற்றிவிடும். அதனால் வயலை 45 பாத்தியாகப் பிரித்து, தினம் ஒரு பாத்தி என்று சுற்றுங்கள். இடம் குறைவென்றால் 15 பாத்தி, பாத்திக்கு மூன்று நாள். முற்றிய பாத்தி இருந்தால் அதைக் கறவை வற்றிய மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் போடுங்கள். இளம் புல் கிடேரிக்கு.

புல்லுக்கு யூரியா தூவியவுடன் அறுக்காதீர்கள், குறைந்தது மூன்று வாரம் போகட்டும். வாடிக் கிடந்து திடீர் மழையில் தழைத்த புல்லிலும், யூரியா அதிகம் போட்ட புல்லிலும் நைட்ரேட் தேங்கி நிற்கும், அது கன்றுக்கு விஷம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புல் வெறும் தண்ணீராக இருக்கும், 15 கிலோ போட்டாலும் தண்ணீர் போக உள்ளே ரெண்டேகால் கிலோதான் காய்ந்த சரக்கு. அந்த மாதங்களில் காலையில் அறுத்ததை மாலை வரை வாட விட்டு, கொஞ்சம் வைக்கோலோ சோளத்தட்டையோ கலந்து போடுங்கள், சாணியும் கெட்டிப்படும்.

பச்சைப்புல் புரதம் ஏன் முழுதாக ஒட்டுவதில்லை

இதைப் புரிந்துகொண்டால் வெறும் புரதத்தை அள்ளிப் போட மாட்டீர்கள். இளம் புல்லில் இருக்கும் புரதம் மாட்டின் முதல் வயிற்றில் சீக்கிரமே கரைந்து அமோனியாவாகிவிடும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பாக மாற்றும், அந்த நுண்ணுயிர்கள் கீழே குடலுக்குப் போய்ச் செரித்துத்தான் கன்றுக்குப் புரதமாகும். ஆனால் பிடிப்பதற்கு அவற்றுக்கு அந்த நேரமே மாவுச்சத்து வேண்டும். அது இல்லாவிட்டால் அமோனியா ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் யூரியாவாகி, கோமியத்தில் போய்விடும். அதனால்தான் புல்லோடு கொஞ்சம் மக்காச்சோளமோ கம்போ தவிடோ சேர வேண்டும் என்கிறேன். இன்னொன்று, ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு முதல் வயிறு முழுதாக வளர்ந்திருக்காது, நுண்ணுயிர் தருகிற புரதம் மட்டும் அதற்குப் போதாது. முதல் வயிற்றில் கரையாமல் தப்பி நேராகக் குடலுக்குப் போகிற புரதமும் கொஞ்சம் வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் கடலைப் புண்ணாக்கைவிட அந்தப் பங்கு கூடுதல். கலவையில் ரெண்டு புண்ணாக்கு இருப்பது நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது படி: பயறுவகைத் தழை

புண்ணாக்குக் கடைக்குப் போகும் முன் வரப்பைப் பாருங்கள். நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் வேலிமசால் என்ற தீவனச் செடியைத்தான் சொல்வேன். காய்ந்த எடையில் 20 சதவீதம் அளவுக்குப் புரதம், ஒரு முறை விதைத்தால் மூன்று வருடத்துக்கு மேல் அறுக்கலாம், தண்ணீர் இருந்தால் மதுரை வெயிலைத் தாங்கும். குதிரைமசாலும் நல்ல தீவனம்தான், ஆனால் அதற்குக் குளிர்ச்சி வேண்டும், நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

வேலிமசால் முளைக்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விதையை அப்படியே தூவியவர்கள். விதைத்தோல் கடினம். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி நாலைந்து நிமிடம் கழித்து, சுமார் 80 டிகிரி சூட்டில் விதையைப் போட்டு ஐந்து நிமிடம் வைத்து, வடித்து, அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து நிழலில் உலர்த்தி விதையுங்கள். ஏக்கருக்கு 8 கிலோ விதை, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடிக்குச் சற்று மேல். 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளுக்கு ஒன்று, ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே அறுக்க வேண்டும், தரையோடு அறுத்தால் தூர் செத்துவிடும். ரெண்டு கிடேரிக்கு 8 சென்ட் போதும். நன்றாகத் தண்ணீர் பாய்ந்தால் நாளைக்கு ஏழு கிலோ அளவில் கிடைக்கும்.

நிலம் இல்லாதவர்களுக்கு அகத்தி. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி ஏறுவதற்கு அகத்திதான் நிற்கும், கழிக்கிற தழையை ஆட்டுக்காரர்கள் வாங்கிப் போவார்கள், மாட்டுக்காரர்களும் கேட்டு வாங்கலாம். வேலியோரம் கிளைரிசிடியா நட்டு வைத்தால் வேலிக்கும் ஆச்சு, தீவனத்துக்கும் ஆச்சு, ஆனால் அதன் வாடை கன்றுக்கு முதலில் பிடிக்காது. ஒரு நாள் வாட விட்டு, புல்லோடு கலந்து கைப்பிடி கைப்பிடியாகப் பழக்க வேண்டும். சவுண்டல் என்கிற சூபாபுல் தழையைக் கன்று ஆசையாகத் தின்னும், அதில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது, கூடுதலாகப் போனால் மயிர் கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். மானாவாரிப் பக்கம், உசிலம்பட்டி, பேரையூர் ஆட்களுக்குக் கடலைக்கொடியும் உளுந்துச் செடியும் இருக்கின்றன. இலை உதிராமல் நிழலில் காய வைத்துப் போர் போட்டால் வைக்கோலைவிட மூன்று பங்கு புரதம். கடலை பிடுங்குகிற காலத்தில் கொடியை வயலிலேயே மழையில் நனைய விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா பற்றிக் கேட்பீர்கள். காய்ந்த எடையில் 22, 25 சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் காய்ந்த சரக்கு 60 கிராம்தான், மீதி தண்ணீர். அதில் புரதம் சுமார் 15 கிராம், அதாவது 35 கிராம் கடலைப் புண்ணாக்குக்குச் சமம். வளர்த்தால் நல்லது, போடுங்கள், ஆனால் அசோலா போடுகிறோம் என்று புண்ணாக்கை நிறுத்தாதீர்கள்.

நான்காவது படி: இடைவெளியை அளந்து நிரப்புங்கள்

கிடேரி ஒரு நாளில் தின்னும் காய்ந்த சரக்கு, அதன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம். அதில் புரதம் ஆறு மாதம் வரை 16 சதவீதம், ஒரு வயது வரை 13, 14 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் இருந்தால் போதும். பச்சைப்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் காய்ந்த சரக்கு, வேலிமசாலில் நான்கில் ஒரு பங்கு.

150 கிலோ கிடேரியை எடுத்துக்கொள்வோம். நாளைக்குச் சுமார் 4 கிலோ காய்ந்த சரக்கு, அதில் 14 சதவீதம் என்றால் 560 கிராம் புரதம் வேண்டும். முற்றின புல் மட்டும் 20 கிலோ போட்டால் 4 கிலோ சரக்கு போய் வயிறு நிறைந்துவிடும், புரதம் 240 கிராம்தான், பாதிகூட இல்லை. பானை வயிற்றுக் கிடேரியின் கதை இந்த ஒரு வரியில் இருக்கிறது. இப்போது இளம் புல் 12 கிலோ போடுங்கள், 2.4 கிலோ சரக்கு, 216 கிராம் புரதம். வேலிமசால் 3 கிலோ, அதில் 150 கிராம். 20 சதவீதப் புரதமுள்ள அடர்தீவனம் ஒரு கிலோ, அதில் 200 கிராம். கூட்டினால் 566. கணக்கு சரியாக வந்துவிட்டது. வேலிமசால் இல்லையென்றால் அடர்தீவனம் ஒன்றே முக்கால் கிலோ ஆகும், வருடத்துக்கு 270 கிலோவுக்கு மேல் கூடுதல் செலவு. அந்த 8 சென்ட் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

அடர்தீவனத்தைக் கடையில் மூட்டையாக வாங்கலாம். மூட்டையில் புரத அளவு அச்சிட்டிருக்கும், இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரத்துக்குக் குறைந்தது 22, இரண்டாம் தரத்துக்கு 20 சதவீதம். அச்சு இல்லாத மூட்டையைத் தொடாதீர்கள். நான் வீட்டிலேயே கலக்கிறேன். 50 கிலோவுக்கு என் அளவு இது: ஒன்றிரண்டாக உடைத்த மக்காச்சோளம் 12½ கிலோ, கடலைப் புண்ணாக்கு 12½ கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 5 கிலோ, அரிசித் தவிடு 7½ கிலோ, கோதுமைத் தவிடு 6 கிலோ, உளுந்தம் பொட்டு (உளுந்து உடைக்கும்போது கழியும் தோலும் நொறுங்கலும்) 5 கிலோ, தாது உப்புக் கலவை 1 கிலோ, சாப்பாட்டு உப்பு அரை கிலோ. இது 20 சதவீதத்துக்கு வரும். திருமங்கலம், கள்ளிக்குடி கரிசல் பக்கம் பருத்திக்கொட்டை சல்லிசாகக் கிடைத்தால் தேங்காய்ப் புண்ணாக்கின் இடத்தில் அரைத்துப் போடலாம், புரதம் கொஞ்சம் குறையும், அதற்குக் கடலைப் புண்ணாக்கை அரை கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். நாலு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குப் பருத்திக்கொட்டை வேண்டாம், அதில் உள்ள காசிபால் என்ற நச்சைத் தாங்கும் வயிறு அதற்கு இல்லை. பொட்டு வகைகளுக்கு விருதுநகர் பருப்பு மில் பக்கம் போனால் நல்ல சரக்கு கிடைக்கும், நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் கட்டுப்படியாகும்.

எது மலிவு என்று மூட்டை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புரதத்தின் விலையைப் பாருங்கள். கிலோ 50 ரூபாய்க்கு 42 சதவீதப் புண்ணாக்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 100 கிராம் புரதம் 12 ரூபாய். கிலோ 30 ரூபாய்க்கு 15 சதவீதப் பொட்டு என்றால் 100 கிராம் புரதம் 20 ரூபாய். மலிவு போலத் தெரிந்ததுதான் விலை கூட.

தாது உப்பை விட்டுவிடாதீர்கள். நேப்பியர் புல்லில் ஆக்சலேட் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். எலும்பு வளர்கிற வயதில் புரதம் கொடுத்துச் சுண்ணாம்பைக் கொடுக்காமல் விட்டால் கால் வளைந்து நிற்கும்.

புண்ணாக்கைச் சோதித்து வாங்குங்கள்

ஒரு கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு இல்லை என்று வேறொரு கடையில் கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டை எடுத்தேன். மேலே இருந்த பில்லைகள் நன்றாகத்தான் இருந்தன. பாதி மூட்டைக்கு வந்தபோது ஒன்றை உடைத்தால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம், முகர்ந்தால் பழைய ஈரச்சுவர் வாடை. அதற்குள் பத்து நாள் போட்டிருந்தேன். கன்றுகள் ரெண்டும் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் திரும்பி நின்றன, கழிச்சல் வேறு. டாக்டர் வந்து பார்த்து முதலில் புண்ணாக்கை நிறுத்தச் சொன்னார். தேறி வர மாதம் ஒன்றரை ஆனது, அதுவரை சுவரில் எடை ஏறவே இல்லை.

அது அஃப்ளாடாக்சின். கடலைப் புண்ணாக்கில் ஈரம் பட்டால் வரும் பூஞ்சண விஷம், கல்லீரலைப் பிடிக்கும், வளர்ந்த மாட்டைவிடக் கன்றைத்தான் அதிகம் அடிக்கும். வெயிலில் காய வைத்தால் பூஞ்சணம் உதிரும், விஷம் போகாது. அதனால் வாங்கும்போதே மூட்டையின் நடுவிலிருந்து ஒரு பில்லையை எடுத்து உடைத்துப் பாருங்கள், முகருங்கள். மழைக்காலத்தில் 15 நாளைக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள், மரப்பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். நிறைய வாங்குபவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம், புரதமும் அஃப்ளாடாக்சினும் பார்த்துத் தருவார்கள். தவிட்டை ஒரு பிடி தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உமித்தூள் மேலே மிதக்கும், மண் அடியில் தங்கும்.

ஐந்தாவது படி: வயதுக்குத் தக்கபடி

மூன்று மாதம் வரை பால்தான் முக்கியம், கூடவே கன்றுத் தீவனத்தைக் கையில் வைத்து நக்கப் பழக்கினால் போதும்.

மூன்று முதல் ஆறு மாதம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய காலம். பாலை நிறுத்திவிட்டுப் புல்லை நம்பி விடுவதால் பெரும்பாலான கன்றுகள் இங்கேயே பின்தங்கிவிடுகின்றன, அப்புறம் எவ்வளவு போட்டாலும் அந்த மாதங்கள் முழுதாகத் திரும்பாது. 80 கிலோ கன்றுக்கு இளம் புல் 5 கிலோ, வேலிமசாலோ அகத்தியோ ஒன்றரை கிலோ, அடர்தீவனம் 1 கிலோ. உடம்பு சின்னது, தீவனம் மட்டும் பெரிய கன்றுக்குப் போடும் அளவா என்று தோன்றும். போடுங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை மேலே சொன்ன 150 கிலோ கணக்கு. ஒரு வயதுக்கு மேல் முதல் வயிறு நன்றாக வேலை செய்யும், 220 கிலோ கிடேரிக்குப் புல் 18 கிலோ, வேலிமசால் 4 கிலோ, அடர்தீவனம் 1 கிலோவே போதும். இந்த வயதில் அளவுக்கு மீறி மாவுத்தீவனம் போட்டுக் கொழுக்க வைப்பதும் தவறு, மடியில் பால் சுரப்பி வளர வேண்டிய இடத்தில் கொழுப்பு சேரும். விலா எலும்பைக் கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

எதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். 200 கிராமில் ஆரம்பித்துப் பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். காலையும் மாலையும் ரெண்டு வேளையாகப் பிரித்து, தண்ணீர் தெளித்துப் புட்டுமாவுப் பதத்தில் பிசறி வையுங்கள். கழனித்தண்ணியில் கரைத்து ஊற்றுவது நம் பழக்கம், ஆனால் கன்று மடமடவென்று குடித்துவிடும், மெல்லாது, எச்சில் ஊறாது. முந்தின நாள் இரவே புண்ணாக்கை ஊறப்போட்டால் நம் ஊர் வெக்கைக்குக் காலையில் புளித்து நுரைத்துப் போயிருக்கும், ரெண்டு மணி நேரம் ஊறினால் போதும். அப்புறம், கன்றுகளைத் தனித்தனியாகக் கட்டி வையுங்கள். ஒரே தொட்டியில் விட்டால் பெரியது சின்னதை முட்டித் தள்ளிவிட்டு ரெண்டு பங்கையும் தின்னும்.

யூரியா, சோளம், பூச்சி

ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு யூரியா எந்த வடிவத்திலும் கூடாது. பெரிய கிடேரிக்கும், இளம் பச்சைப்புல் தின்கிறது என்றால் யூரியாவால் பெரிய பலன் கிடையாது, அமோனியா ஏற்கெனவே வயிற்றில் போதுமான அளவு இருக்கிறது. கோடையில் புல் இல்லாமல் வைக்கோலை நம்பி இருக்கும்போதுதான் அதற்கு வேலை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் கழித்து எடுத்து, வாடை போக ஆற விட்டுப் போட வேண்டும். தண்ணீரில் யூரியா கரைத்துக் காட்டுவது, புண்ணாக்கில் கையளவாகத் தூவுவது எல்லாம் மாட்டைக் கொல்லும் வேலை.

சோளப்பயிர் வாடி நிற்கும்போதும், வெட்டிய தூரில் புதுத் துளிர் விடும்போதும் கன்றை உள்ளே விடாதீர்கள். ஹைட்ரோசயனிக் அமில நச்சு, சில நிமிடத்தில் விழுந்துவிடும். பூ எடுத்தபின் அறுத்துப் போடுவது பாதுகாப்பு.

எல்லாம் சரியாகப் போட்டும் நாடா நகரவில்லையா? பூச்சியைப் பாருங்கள். கால்வாய்ப் பாசனப் பக்கம் நத்தை அதிகம், நத்தை இருக்கும் வாய்க்கால் ஓரப் புல்லில் தட்டைப்புழு வரும், ஈரலில் உட்கார்ந்து ரத்தத்தில் உள்ள புரதத்தை உறிஞ்சிவிடும். தாடைக்கு அடியில் பை போல நீர் கோத்துத் தொங்கினால் அது பெரும்பாலும் இதுதான். குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எந்த மருந்து என்பதைச் சாணியைப் பரிசோதித்து டாக்டர் சொல்லட்டும், உருண்டைப் புழு மருந்து தட்டைப்புழுவை எல்லாம் அடிக்காது. திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, சந்தேகம் என்றால் போய்க் கேளுங்கள். புல் கரணைக்கும் வேலிமசால் விதைக்கும் யா. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரியுங்கள்.

தினமும் காலையில் சாணியைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். கெட்டியாக, அடுக்கடுக்காக வரட்டி போல விழுந்து, உள்ளே நீள நீளமாக நார் தெரிந்தால் புரதம் போதவில்லை, நார் செரிக்காமல் தேங்குகிறது. கறுத்து, நீர்த்து, மூக்கைத் துளைக்கிற வாடையோடு வந்தால் புரதம் கூடிவிட்டது, அல்லது புல் ரொம்ப இளசு, தட்டையைச் சேருங்கள். நடுவில் லேசாகக் குழிந்து, அப்பம் போல வட்டமாகப் படர்ந்து நின்றால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சினை ஊசி போட்ட பிறகு

சினை நின்றது தெரிந்ததும் புண்ணாக்கை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். 16, 17 மாதத்தில் சினை பிடித்த கிடேரி இன்னும் வளர்கிற உடம்பு, தனக்கும் வளர வேண்டும், வயிற்றில் இருப்பதற்கும் கொடுக்க வேண்டும். ஆறு மாதச் சினை வரை அந்த ஒரு கிலோ அப்படியே தொடரட்டும். ஏழாம் மாதத்திலிருந்து வாரத்துக்குக் கால் கிலோ என்று கூட்டி ரெண்டு கிலோவுக்குக் கொண்டு வாருங்கள், கன்று பெரிதாகி வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்வதால் அப்போது புல்லை முன்போல் தின்ன முடியாது. நாடாவை இந்தக் காலத்தில் நெஞ்சில் மட்டும் பிடித்து எழுதினால் போதும், கன்று ஈனும்வரை அந்த அளவு ஒரு மாதம்கூட இறங்கக் கூடாது.